கொதிக்க வைத்தாலும் போகாத வேதிப்பொருள்

கேள்வி: நியூஜெர்ஸியில் வசிக்கிறோம். எனக்கு வயது 29, ஐந்து மாதக் கர்ப்பிணி. எங்கள் குடிநீரில் பிஎஃப்ஓஏ என்ற வேதிப்பொருள் மாநில வரம்பைத் தாண்டியிருப்பதாகக் கடிதம் வந்துள்ளது. ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா சொன்னபடி தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடிக்கிறேன். இது போதுமா? தாய்ப்பால் கொடுக்கலாமா?

பதில்: போதாது. கொதிக்க வைப்பது கிருமிகளைக் கொல்லும். உங்கள் அம்மா அறிந்த ஊர் வழக்கம் அந்த வகையில் சரியானதே. ஆனால் பிஎஃப்ஓஏ, கார்பனும் ஃபுளோரினும் மிக உறுதியாகப் பிணைந்த செயற்கைப் பொருள்; அடுப்பின் சூட்டில் அது சிதைவதில்லை. நீர் ஆவியாகிக் குறையும்போது, மிஞ்சும் நீரில் அதன் செறிவு சற்றே கூடவும் செய்யும். செம்புப் பாத்திரத்தில் ஊற்றி வைப்பதாலும் பயனில்லை.

உங்கள் மாநிலம் 2020-இல் இதற்கு விதித்த வரம்பு லிட்டருக்கு 14 நானோகிராம்; அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் நாடு முழுவதற்கும் அறிவித்தது 4 நானோகிராம். இவ்வளவு நுண்ணிய அளவுக்கா அச்சம் என்று தோன்றலாம். இப்பொருள் இரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றாமல் பெருமளவு மீண்டும் உள்ளிழுத்துக்கொள்கிறது. ஆகவே உடலில் சேர்ந்தது பாதியாகக் குறையவே ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆகும்; தினமும் அருந்தும் சிறு அளவு அப்படித்தான் சேர்ந்துகொண்டே போகிறது.

மேற்கு வர்ஜீனியாவின் பார்க்கர்ஸ்பர்க் அருகே, டெஃப்லான் தயாரித்த ஆலையிலிருந்து இப்பொருள் சுற்றுவட்டாரக் குடிநீரில் கலந்தது. அங்கே 2005–06-இல் ஏறத்தாழ 69,000 பேரிடம் எடுக்கப்பட்ட இரத்தத்தின் முடிவுகளையும் ஆராய்ந்த அறிவியல் குழு, அதிகக் கொலஸ்ட்ரால், தைராய்டு நோய், பெருங்குடல் புண் அழற்சி, சிறுநீரகப் புற்றுநோய், விந்தகப் புற்றுநோய், கர்ப்பகால உயர் இரத்த அழுத்தம் ஆகிய ஆறோடும் இதற்குத் தொடர்பு இருக்கக்கூடும் என்ற முடிவுக்கு வந்தது. அந்த மக்களின் இரத்தத்தில் இருந்த அளவு, பொதுவாக அமெரிக்கர்களிடம் காணப்பட்டதைவிடப் பல மடங்கு அதிகம் என்பதை மறந்துவிடாதீர்கள். உங்கள் நிலை அதுவே என்று நினைத்து நடுங்க வேண்டாம். குழந்தையைப் பொறுத்தவரை, பிறப்பு எடை சிறிதளவு குறைவதைப் பல ஆய்வுகள் காட்டியுள்ளன.

இன்றே செய்யக்கூடியது, நீரை மாற்றுவது. சமையலறைத் தொட்டியின் கீழ் பொருத்தும் ஆர்.ஓ. கருவி நல்ல தேர்வு. கார்பன் ஃபில்டரும் உதவும், ஆனால் குறித்த காலத்தில் அதை மாற்றாவிட்டால் வீண். வாங்குமுன், பிஎஃப்ஓஏவைக் குறைப்பதாக என்எஸ்எஃப் 53 அல்லது 58 தரச்சான்று உள்ளதா என்று பாருங்கள். பலரும் தவறவிடும் ஒன்றை இங்கே வலியுறுத்த விரும்புகிறேன்: நம் சமையலில் குடிப்பதற்கு இணையாகத் தண்ணீர் உணவு வழியாகவே உள்ளே போகிறது. சோறு உறிஞ்சும் நீர், ரசம், சாம்பார், கஞ்சி, காப்பி, இட்லி மாவு ஆட்டும் நீர் எல்லாமே வடிகட்டியதாக இருக்க வேண்டும். சீரகத் தண்ணீரையும் அம்மா அந்த வடிகட்டிய நீரிலேயே கொதிக்க வைக்கட்டும். குளிப்பதற்கும் துணி துவைப்பதற்கும் குழாய் நீர் போதும். தோல் வழியே உட்செல்வது மிகக் குறைவு.

தாய்ப்பாலில் இப்பொருள் ஓரளவு கலந்து செல்வது உண்மை. அப்படியிருந்தும் தாய்ப்பால் தரும் நன்மை பெரிது என்பதால் கொடுக்கவே சொல்வேன். புட்டிப்பால் தேவைப்பட்டால் வடிகட்டிய நீரில்தான் கலக்க வேண்டும். தடுப்பூசிக்கு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் இதனால் சற்றுக் குறையலாம் என்று கண்டிருப்பதால், குழந்தைக்கு ஒரு தடுப்பூசியையும் தள்ளிப்போடாதீர்கள்.

இரத்தத்தில் இதன் அளவைப் பார்க்கப் பரிசோதனை உண்டு. உங்களுக்கு நோய் வருமா வராதா என்பதை அது சொல்லாது. உடலைச் சுத்திகரிப்பதாக விற்கப்படும் பொடி, கஷாயம் எதையும் கர்ப்பகாலத்தில் தொட வேண்டாம். இதை வெளியேற்ற அங்கீகரிக்கப்பட்ட மருந்து எதுவும் இல்லை. அந்தக் கடிதத்தை உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் காட்டி, ஒவ்வொரு வருகையிலும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லுங்கள். கடுமையான தலைவலி, பார்வை மங்கல், முகத்திலோ கைகளிலோ திடீர் வீக்கம், மேல்வயிற்றில் வலி ஆகியவற்றில் எது தோன்றினாலும், அடுத்த வருகை வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.