கடுங்குளிரில் எஸ்.எல்.ஆர். ரைஃபிள் அடிக்கடி சிக்கிக்கொள்வது ஏன்? எப்படிப் பராமரிப்பது?

காலாட்படையில் இருந்தபோது பனிமலைக் காவல் நிலைகளில் இந்த எஸ்.எல்.ஆரை (செல்ஃப் லோடிங் ரைஃபிள்) சுமந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன். பெரும்பாலான சமயங்களில் அதை நிறுத்துவது குளிரன்று. சமவெளியில் தாராளமாகப் பூசிவிட்டு வந்த எண்ணெயும், கூடாரச் சூட்டில் அதன்மேல் படிந்த ஈரமும்தான்.

1962 போருக்குப் பின் .303 ரைஃபிளின் இடத்தைப் பிடித்த, இஷாப்பூர் தொழிற்சாலையில் தயாரான 7.62 மி.மீ. எஸ்.எல்.ஆர்., குண்டு வெளியேறும்போது குழலிலிருந்து பிரியும் வாயுவால் பிஸ்டனைத் தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும். குளிரில் வெடிமருந்தின் அழுத்தம் சற்றுக் குறையும். அதே வேளையில் எண்ணெய் இறுகி, தோட்டா அறையைப் பின்னாலிருந்து அடைக்கும் பிரீச் பிளாக்கைப் பிடித்துக்கொள்ளும். அதனால் காலித் தோட்டா வெளியேறாமல் வெளியேற்றுத் துவாரத்தில் சிக்கும், அல்லது அது வெளியேறியும் அடுத்த தோட்டா ஏறாது. சுட்டதும் இப்படி நின்றால், குழல்வாயைப் பாதுகாப்பான திசையில் வைத்து, மேகசினைக் கழற்றி, காக் செய்து (கைப்பிடியைப் பின்னால் இழுத்து) தோட்டா அறையைக் கண்ணால் பார்த்த பிறகே மற்ற வேலை. விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், தாமதமாக வெடிக்கக்கூடும் என்பதால், அரை நிமிடம் அப்படியே காத்திருந்துவிட்டுத் திறக்க வேண்டும். இதற்கு ஃபயரிங் பின் துளையில் உறைந்த எண்ணெயும் காரணமாக இருக்கலாம்.

பலர் உடனே, பிஸ்டனுக்குப் போகும் வாயுவின் அளவை மாற்றும் கேஸ் ரெகுலேட்டரைத் திருகத் தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. முதலில் பழைய எண்ணெயை முழுக்கத் துடைத்தெடுத்து, புல்த்ரூவில் (குழலைத் துடைக்கும் கயிறு) உலர்ந்த சிந்தித் துணி போட்டுக் குழலுக்குள் இழுத்து, பிஸ்டனை உலர்வாகவே விட்டு, உரசும் இடங்களில் மட்டும் குளிர்ப் பகுதிக்கென வழங்கப்படும் மெல்லிய எண்ணெயை விரல் நுனியால் தடவினாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். பிரீச் பிளாக்கை முன்னே தள்ளும் ரிட்டர்ன் ஸ்பிரிங், தோளில் வைக்கும் கட்டைக்குள் ஒளிந்திருப்பதால் அங்கே இறுகிய எண்ணெயைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பிரீச் பிளாக் சோம்பலாக முன்னேறுவதற்கு அதுவே காரணம். அப்போதும் சரியாகவில்லை என்றால் மட்டும், பிஸ்டனுக்குக் கூடுதல் வாயு கிடைக்கும்படி ரெகுலேட்டரை ஒவ்வொரு படியாக மூடிப் பார்க்கலாம். கீழே இறங்கியதும் அதைப் பழையபடி திறந்துவிட வேண்டும். இல்லையெனில் உதையும் தேய்மானமும் கூடும்.

ஈரம் இதைவிட மோசம். வெளியே உறைந்துகிடந்த ரைஃபிளை புகாரி அடுப்பு எரியும் பங்கருக்குள் கொண்டுவந்தால் இரும்பெல்லாம் வியர்க்கும். அப்படியே வெளியே எடுத்துச் சென்றால் அந்த நீர் உறைந்து டிரிகர் பகுதியைப் பூட்டிவிடும். ஆகவே காவலில் இருக்கும் ஆயுதம், பனி விழாத மறைப்பில், கண்காணிப்புக்குள், வெளிக்குளிரிலேயே இருக்கட்டும். சுத்தம் செய்ய உள்ளே எடுத்தால், வியர்த்து முடியும்வரை பொறுத்திருந்து, பாகங்களைப் பிரித்து, மேகசின் ஸ்பிரிங் உட்பட அனைத்தையும் ஈரமற உலர்த்த வேண்டும். குழல்வாய்க்கு உறை அவசியம்; உள்ளே பனி அடைத்த நிலையில் சுட்டால் குழலே பிளக்கக்கூடும். பனியை வாயால் ஊதி அகற்றும் பழக்கமும் கூடாது, மூச்சின் ஈரம் அங்கேயே உறைந்துவிடும்.