சிரிக்காத குரல்

அன்புள்ள எழுத்தாளருக்கு,

கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லியிருப்பதால் இப்போதெல்லாம் கதைகளைக் காதால் கேட்கிறேன். அண்மையில் இன்றைய எழுத்தாளர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பைக் கேட்டேன். எல்லாக் கதைகளிலும் சாவு, நோய், வேலை பறிபோவது. எல்லாவற்றிலும் சிரிப்பும் இருக்கிறது. ஒரு கதையில், கணவனை இழந்த பெண்ணுக்கு வங்கியிலிருந்து தொலைபேசி வருகிறது. கணவரிடம் பேச வேண்டும் என்கிறார்கள். “அவர் இறந்துவிட்டார்” என்கிறாள். “சரிங்க மேடம், எப்போது கூப்பிட்டால் அவர் ஃப்ரீயாக இருப்பார்?” என்று கேட்கிறது மறுமுனை.

வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். இதை முதலில் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது. அப்பா போய் இன்னும் ஒரு வருடம் ஆகவில்லை. உடனே அவமானமாகிவிட்டது. இப்படிப்பட்ட கதைகள் மனதை மரத்துப்போகச் செய்யுமா? அப்புறம், கேட்பதை வாசிப்பு என்று சொல்லலாமா? 1.75 வேகத்தில் வைத்து, மௌனத்தை நீக்கும் வசதியையும் போட்டுக்கொண்டு, இரண்டே மாலைகளில் மொத்தத் தொகுப்பையும் முடித்துவிட்டேன். அந்த ஒரு கதை மட்டும் மனதை விட்டுப் போகவில்லை.

ம.

அன்புள்ள ம.,

உங்கள் கடிதம் வந்தபோது நானும் அதே தொகுப்பைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் உடனே பதில் எழுதுகிறேன்.

கேட்பது வாசிப்பா என்ற கேள்வியை விட்டுவிடுவோம். பார்வையற்றவர்களுக்காக 1930களிலேயே முழு நாவல்களை இசைத்தட்டுகளில் பதிவுசெய்து கொடுத்தார்கள். அதைக் கேட்டவரிடம் போய் “நீங்கள் அந்த நாவலைப் படித்ததாகக் கணக்கில் வராது” என்று சொல்ல எனக்கு வாய் வராது. மனம் மரத்துப்போகுமா என்ற பயமும் வேண்டாம். மரத்துப்போன மனம் அவமானப்படாது.

காஃப்கா தன் ‘விசாரணை’ நாவலின் முதல் அத்தியாயத்தை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டியபோது எல்லோரும் அடக்க முடியாமல் சிரித்தார்களாம். அவரே சிரிப்பில் மேலே படிக்க முடியாமல் நிறுத்தினார் என்று அவருடைய நண்பர் மாக்ஸ் பிராட் எழுதியிருக்கிறார். ஒரு குற்றமும் செய்யாதவனைக் காலையில் எழுந்ததும் கைதுசெய்ய வருகிற அத்தியாயம் அது. அந்த அறையில் இருந்தவர்கள் எல்லாம் கல்நெஞ்சக்காரர்களா என்ன? சிரிப்பு வந்ததும் உங்களுக்கு அப்பாவிடம் சொல்லத் தோன்றியிருக்கிறது. அதை விட்டுவிட்டு ஏன் அவமானத்தைப் பிடித்துக்கொண்டீர்கள், அம்மா? அவரோடு இத்தனை வருடம் என்னவெல்லாம் சொல்லிச் சிரித்திருப்பீர்கள்! அந்தப் பழக்கம் ஒரு வருடத்தில் போய்விடுமா? போகவும் வேண்டாம்.

ஆனால் கடிதத்தின் கடைசியில் போகிற போக்கில் ஒன்று சொல்லியிருக்கிறீர்கள். அதற்குத் திட்டாமல் விடமாட்டேன். மௌனத்தை நீக்கும் வசதியாமே!

வேகத்தைக் கூட்டுவதைக்கூட மன்னிக்கலாம். குரல் கீச்சிடாமல் இருக்க, மென்பொருள் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டுகளாக நறுக்கி, சிலவற்றை எறிந்துவிட்டு மீதியை ஒட்டுகிறது. சொற்கள் தப்பித்துவிடும். மௌன நீக்கம் அப்படியில்லை. ஒலி ஒரு அளவுக்குக் கீழே போனால் அங்கே ஒன்றும் இல்லை என்று அது முடிவுகட்டிவிடுகிறது. வாசிப்பவர் எச்சில் விழுங்குகிறாரா, கதையில் ஒருத்தி பதில் கிடைக்காமல் நிற்கிறாளா என்று அதற்கு எப்படித் தெரியும்?

நீங்கள் சொன்ன கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். வங்கிப் பெண் கேட்டதை அச்சுப்பிசகாமல் எழுதியிருக்கிறீர்கள். மனைவி என்ன பதில் சொன்னாள் என்று எழுதவே இல்லை. எனக்குக் காரணம் தெரியும். “எப்போது ஃப்ரீயாக இருப்பார்?” என்ற கேள்விக்குப் பிறகு வாசிப்பவர் நிறுத்துகிறார். பதிவு நின்றுவிட்டதோ என்று நான் ஃபோனை எடுத்துப் பார்த்தேன், அவ்வளவு நேரம். அதற்கப்புறம்தான் மனைவி, “ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுங்கள், காலையில் வீட்டில்தான் இருப்பார்” என்கிறாள். உங்கள் செயலி அந்த இடைவெளியை விழுங்கிவிட்டது. உங்கள் காதில் அவள் பதில் வெடுக்கென்று சொன்ன பதிலடியாக விழுந்திருக்கும். நினைவில் வைத்துக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? அந்த நேரத்தை அவளுக்குக் கொடுத்துக் கேட்டுப் பாருங்கள். அவள் வங்கிக்காரியை மட்டம் தட்டுகிறாளா, இல்லை வேறு ஏதாவதா? நான் சொல்லப்போவதில்லை.

என் அத்தை பாட்டிக்கு வாரப் பத்திரிகைக் கதைகளை வாசித்துக் காட்டுவாள். பாட்டிக்குக் கண்புரை. அத்தை ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் சித்தப்பா வாசிப்பார். ஆளுக்கொரு குரல், அழுகை, இருமல் எல்லாம் உண்டு. சிரிப்பு வரும் வரிக்கு முன்பே அவர் சிரித்துவிடுவார். பாட்டி தூங்கிவிடுவாள். அத்தை மின்கட்டண ரசீது வாசிப்பதைப் போல வாசிப்பாள். செத்துப்போனவரின் செருப்புக்கு மூன்று மகன்கள் அடித்துக்கொள்ளும் கதை ஒன்று. “மூத்தவனுக்கு அளவு சரியாக இருந்தது. ஆகவே அவன் அதிகம் அழுதான்” என்று ஒரு இடம். அத்தை அதே குரலில் அதை வாசித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பில் துடைப்பாள். பாட்டி சிரிக்க ஆரம்பித்து, பாதியில் நிறுத்தி, “அடப் பாவி” என்பாள். அந்தப் பாவி மூத்த மகனா, எழுதியவனா, அத்தையா என்று எங்களுக்குத் தெரியாது. “மேலே படிக்கட்டுமா?” என்பாள் அத்தை.

இந்த மாதிரிக் கதைகளை வாசிக்கும் குரலுக்கு, தான் சொல்வது சிரிப்பான விஷயம் என்று தெரிந்திருக்கவே கூடாது. ஜொனாதன் ஸ்விஃப்ட் 1729-இல், அயர்லாந்தின் ஏழைக் குழந்தைகளைப் பணக்காரர்களுக்கு உணவாக விற்றுவிட்டால் வறுமை தீரும் என்று ஒரு யோசனை எழுதினார். ஓரிடத்திலும் வாசகனைப் பார்த்துக் கண்ணடிக்கவில்லை. மொத்தம் 1,20,000 குழந்தைகள், 20,000 பேரை இனப்பெருக்கத்துக்கு நிறுத்திக்கொண்டு ஒரு லட்சத்தை விற்கலாம் என்று நிதானமாகக் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்குப்பிள்ளைக் குரல்தான் முதுகுத்தண்டில் ஏறுகிறது. எங்கள் சித்தப்பா வாசித்திருந்தால் அது வெறும் விகடமாகியிருக்கும். காஃப்கா சிரித்தாரே என்று மடக்குவீர்கள். எழுதியவனுக்கு அந்தச் சலுகை உண்டு, வாசித்துக் கொடுப்பவருக்குக் கிடையாது.

இரண்டு மாலைகளில் முடித்ததைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கதை முடிந்து நீங்கள் மூச்சுவிடுவதற்குள் செயலி அடுத்ததைத் தொடங்கிவிடுகிறது. முந்தைய கதையின் பிணத்தை எடுப்பதற்குள் அடுத்த பிணம் வந்து படுத்துக்கொள்கிறது. பிறகு ஒரு கதைதான் மனதில் நின்றது என்று எனக்குக் கடிதம் எழுதுகிறீர்கள். ஒன்றாவது நின்றதே என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த வசதியை அணையுங்கள். வேகத்தைச் சாதாரணத்துக்குக் கொண்டுவாருங்கள். தானாக அடுத்த கதைக்குப் போவதையும் நிறுத்துங்கள். ஒரு நாளைக்கு ஒரு கதை போதும். வங்கிக் கதையை முதலில் கேளுங்கள். மருத்துவமனை வரிசையில் தன் எண் வருவதற்குள் குணமாகிவிட்ட ஆள் வருகிற கதை உங்களுக்கு நினைவே இருக்காது, அதை அடுத்து வையுங்கள். கடைசிக் கதை எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. உங்களுக்குப் பிடித்திருந்தால் எழுதுங்கள், சண்டை போடலாம்.