பத்திரத்துல எழுதி வாங்கிட்டா நஷ்டஈடு கணக்கு முடிஞ்சிருமா?

கேள்வி: கோவை கணபதியில பவர் பிரஸ் ஒர்க்ஷாப் வச்சிருக்கேன், மொத்தம் 7 பேர். ஆறு மாசம் முன்னாடி 30 வயசு பையனுக்கு பிரஸ்ல ரெண்டு விரல் முழுசா போயிருச்சு, சம்பளம் 18,000. ஆஸ்பத்திரிக்கு 1,40,000 நான்தான் கட்டினேன், கையில 60,000 குடுத்து "இனி பாத்தியதை இல்லை"னு பத்திரத்துல எழுதி வாங்கிட்டேன். எல்லாம் மூணு வட்டி பணம். இப்போ லேபர் ஆபீஸ் போறேங்கறான். இன்சூரன்ஸ் ஏஜெண்ட் மச்சான்கிட்ட வருஷம் 1 லட்சம் யூலிப் (இன்சூரன்ஸும் பங்குச்சந்தை முதலீடும் சேர்ந்த பாலிசி) கட்டறேன், ரெண்டு வருஷம் ஆச்சு, இப்போ ஒர்க்கர்ஸுக்கு குரூப் ஆக்சிடென்ட் பாலிசி போட்டா போதும்ங்கறாரு. போடலாமா?

பதில்: பாலிசி பேச்சு அப்புறம் சார். அடிபட்டா வட்டிக்கு வாங்கி கையில குடுத்து எழுதி வாங்கறீங்களே, உங்கள கவுக்கறது அந்தப் பழக்கம்தான்.

அந்தப் பத்திரம் செல்லாது. நஷ்டஈட்டை விட்டுக்குடுக்கறதா தொழிலாளி எழுதிக் குடுத்தாலும் சட்டம் ஏத்துக்காது, 1923 சட்டத்துலயே சொன்னது, இப்போ அது 2020 சமூகப் பாதுகாப்பு சட்டத் தொகுப்புக்குள்ள போயிருச்சு, கணக்கு போடற முறை மாறல. சம்பளம் 18,000ஆ இருந்தாலும் 15,000னுதான் எடுப்பாங்க, அதுல 60% 9,000, 30 வயசுக்குன்னு சட்டம் குடுத்திருக்கற பெருக்கல் எண் 207.98, பெருக்கினா சுமார் 18,72,000. ஒரு கையில ரெண்டு விரல் போனா 20%னு அட்டவணையில இருக்கு, ஆக கிட்டத்தட்ட 3,74,000 வரும். ஆஸ்பத்திரி செலவு இதுல சேராது, அது தனியா உங்க பொறுப்புதான். நீங்க குடுத்த 60,000ம் முழுசா கழியும்னு நினைக்காதீங்க, ஒப்பந்தத்தை நஷ்டஈடு கேஸை விசாரிக்கற தொழிலாளர் துறை ஆணையர்கிட்ட பதிவு பண்ணாததால சாதாரணமா பாதிதான் கழிப்பாங்க. மேல 12% வட்டி, ஒரு மாசத்துக்கு மேல இழுத்தடிச்சதுக்கு நியாயமான காரணம் இல்லைன்னா 50% வரைக்கும் அபராதமும் போடலாம், அந்த அபராதத்தை எந்த இன்சூரன்ஸும் உங்களுக்காக கட்டாது.

அதனால பையன் கேஸ் போடறதுக்கு முன்னாடி நீங்களே அந்த ஆணையர் ஆபீஸுக்கு ஒரு வக்கீலோட போங்க. அவனுக்கு 30 வயசுதான் ஆகுது, இன்னும் முப்பது வருஷம் அந்தக் கையோட பிழைக்கணும், இது அவனுக்கு சேர வேண்டிய பணம்.

இப்போ மச்சான் கதைக்கு வர்றேன். குரூப் ஆக்சிடென்ட் பாலிசி ஒர்க்கருக்கு நல்லதுதான், ஆனா முதலாளியா உங்க மேல சட்டம் வச்சிருக்கற பொறுப்பை அது ஏத்துக்காது. அதுக்குன்னு இருக்கறது எம்ப்ளாயீஸ் காம்பன்சேஷன் பாலிசி, பழைய ஆளுங்க டபிள்யூ.சி. பாலிசின்னு சொல்லுவாங்க. பிரீமியம் மொத்த கூலி மேல சதவீத கணக்கு. ஏழு பேருக்கு தலைக்கு 18,000னு வச்சா வருஷம் சுமார் 15 லட்சம், ரேட் 2%னு ஒரு கணக்குக்கு வச்சா 30,000தான், யூலிப்புக்கு கட்டறதுல மூணுல ஒரு பங்குகூட இல்ல. மச்சானுக்கு இது தெரியாமயா இருக்கும்? பிரீமியத்தை குறைக்க சம்பளத்தை கம்மியா காட்டாதீங்க, கிளெய்ம் வரும்போது சிக்கிடுவீங்க. மெடிக்கல் செலவையும் சேத்து கேளுங்க. நடந்து முடிஞ்ச விபத்துக்கு இது பாயாது. பத்தாவது ஆள் சேந்த அன்னைக்கு இஎஸ்ஐ (தொழிலாளர்களுக்கான அரசு காப்பீடு) வந்துரும், 21,000 வரைக்கும் சம்பளம் வாங்கறவங்களுக்கு உங்க பங்கு 3.25%, அதை தள்ளிப்போட ஆளை கணக்குல காட்டாம வைக்காதீங்க.

யூலிப்புல மூணாவது பிரீமியம் கட்டாதீங்க, கவர் நின்னுரும், கட்டின பணம் சார்ஜ் போக பணத்தை எடுக்க முடியாத அஞ்சு வருஷ லாக்கின் முடிஞ்சுதான் கைக்கு வரும், பரவால்ல. மூணு வட்டின்னா 2 லட்சத்துக்கு மாசம் 6,000, வருஷம் 72,000! வீட்ல நகை இருந்தா பேங்க்ல வச்சு அதை முதல்ல அடைங்க, வட்டி மூணுல ஒரு பங்குக்கு வந்துரும்.

இன்னொன்னு, பிரஸ்ல கை உள்ள போகாம தடுக்கற கார்டை கழட்டிட்டு கால் பெடல்ல ஓட்டினா பீஸ் கூட வரும்னு நிறைய பட்டறையில விடறாங்க, உங்க பட்டறையிலயும் அப்படி ஓடுதான்னு இன்னைக்கே போய் பாருங்க, ஓடுச்சுன்னா கார்டு மாட்டி, ரெண்டு கையும் பட்டன்ல இருந்தாதான் ஸ்ட்ரோக் விழற மாதிரி செட்டிங் பண்ணிட்டு அடுத்த ஆர்டரை எடுங்க.