சீடை ஏன் வெடிக்கிறது? கேக் ஏன் குழிகிறது? – வாசகர் கேள்வி பதில்

கோகுலாஷ்டமிக்குச் சீடை செய்தபோது நாலைந்து உருண்டைகள் வெடித்து, எண்ணெய் மேலே தெறித்துவிட்டது. மாவு கடையில் வாங்கியதுதான். எங்கே தவறு? – கும்பகோணம் வாசகி

முதலில், காயத்துக்கு மருந்து போட்டீர்களா? சீடை வெடிப்பதைச் சின்ன விஷயமாக நினைக்கவே கூடாது. உருண்டைக்குள் மாட்டிக்கொண்ட ஈரம் ஆவியாகி, வெளியே வர வழி இல்லாமல் ஓட்டைப் பிளந்துகொண்டு வருவதுதான் வெடிப்பு. ஆகவே ஈரத்தைக் குறைக்க வேண்டும், மிச்சம் இருக்கும் ஈரம் வெளியேற வழியும் விட வேண்டும்.

கடை மாவானாலும் வீட்டில் இடித்த மாவானாலும் வெறும் வாணலியில் சிறு தீயில் வறுங்கள். ஒரு சிட்டிகை எடுத்துத் தரையில் கோலம் இழுத்தால் இழை அறாமல் வர வேண்டும், அதுதான் பதம். நிறம் மாறக் கூடாது. ஆறியதும் மெல்லிய சல்லடையில் இரண்டு முறை சலியுங்கள். சலிக்காத மாவில் இருக்கும் ஒரு குருணை போதும், அந்த உருண்டை வெடிக்க.

2 கப் அரிசி மாவுக்கு, வறுத்து அரைத்துச் சலித்த உளுத்தம் மாவு 2 மேசைக்கரண்டி, வெண்ணெய் 2 மேசைக்கரண்டி போதும். தேங்காய்த் துருவலை ஈரம் போக வறுத்துச் சேருங்கள். எள்ளைக் கழுவினால் நன்றாகக் காயவைத்த பிறகே போட வேண்டும். உப்பைக் கல்லாகப் போடாமல், தண்ணீரில் கரைத்து வடிகட்டி ஊற்றுங்கள்.

அடுத்தது உருட்டுவது. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று உள்ளங்கையில் அழுத்தி, கோலிக்குண்டு போல வழவழவென்று உருட்டுகிறோம். அங்கேதான் வழி அடைபடுகிறது. லேசாக உருட்டுங்கள், மேலே மயிரிழை விரிசல் இருந்தால் நல்லதே. துணியில் பரப்பி 20 நிமிடம் ஆறவிட்டால் போதும். மணிக்கணக்கில் விட்டால் மேல்தோல் மட்டும் காய்ந்து இறுகும், உள்ளே ஈரம் அப்படியே நிற்கும். அதுவும் ஆபத்து.

எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கட்டும். புகை வரும் சூட்டில் போட்டால் ஓடு முதலில் இறுகிவிடும். முதலில் இரண்டே இரண்டு உருண்டைகளைப் போட்டு, கண் உள்ள தட்டால் மூடி, தள்ளி நின்று பாருங்கள். அவை வெடித்தால் அந்த மாவை மேற்கொண்டு உருட்டாதீர்கள். தட்டையாக மெல்லிசாகத் தட்டி, முள்கரண்டியால் நெருக்கமாகக் குத்திப் பொரித்தெடுங்கள். மாவும் வீணாகாது, கையும் தப்பும்.

முட்டை சேர்க்காத தயிர் கேக், அவனில் அழகாக எழும்பி, வெளியே எடுத்ததும் நடுவில் குழிந்துவிட்டது. நன்றாக உப்பட்டும் என்று பேக்கிங் பவுடரைக் கொஞ்சம் கூடவே போட்டேன். – கோவை வாசகி

காரணத்தை நீங்களே எழுதிவிட்டீர்கள். பேக்கிங் பவுடர் அதிகமானால் மாவில் குமிழ்கள் வேகமாகப் பெருத்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். மைதா வெந்து சுவர் கெட்டிப்படும் முன்பே அவை உடையும். எழும்பினது அத்தனையும் உட்கார்ந்துவிடும்.

சரியான அளவு: மைதா 1½ கப் (சுமார் 190 கிராம்), கெட்டித் தயிர் 1 கப், சர்க்கரை ¾ கப், எண்ணெய் ½ கப், பேக்கிங் பவுடர் 1¼ தேக்கரண்டி, சமையல் சோடா ½ தேக்கரண்டி, வெனிலா 1 தேக்கரண்டி. கப் என்றால் 240 மி.லி., தேக்கரண்டி என்றால் 5 மி.லி., குவிக்காமல் கத்தியால் வழித்த அளவு. வீட்டில் காபி கலக்கும் ஸ்பூன் ஒவ்வொன்றும் ஒரு அளவு; அதை நம்ப வேண்டாம்.

தயிரும் சர்க்கரையும் கரைந்ததும் பவுடரையும் சோடாவையும் கலந்து 5 நிமிடம் வையுங்கள். நுரைத்து வரும். எண்ணெய், வெனிலா, பிறகு சலித்த மைதாவை மூன்று தவணையாகச் சேருங்கள். மாவு கண்ணில் படாத அளவு கலந்ததும் நிறுத்திவிடுங்கள். முன்கூட்டியே சூடேற்றிய அவனில், நடுத்தட்டில், 180 டிகிரியில் 35 முதல் 40 நிமிடம். முதல் 25 நிமிடம் கதவைத் திறக்கவே கூடாது.

அடுத்த முறை தவறினால், ஒரு துண்டு வெட்டி வெளிச்சத்தில் பாருங்கள். நடுவில் களி போல ஈரப்பட்டை தெரிந்தால் வேகவில்லை. புழு துளைத்தது போல நீளநீளமான பொந்துகள் இருந்தால் மாவை அதிகம் அடித்துவிட்டீர்கள். மேலே கூம்பாக எழுந்து வெடித்திருந்தால் சூடு அதிகம். கரகரவென்று உதிர்ந்து, நாக்கில் சோப்பு வாடை அடித்தால் சோடா கூடிவிட்டது.

அவன் இல்லை. குக்கரில் செய்தால் அடி கருகுகிறது, மேலே பிசுபிசுக்கிறது. – விருதுநகர் வாசகர்

சூடு கீழிருந்து மட்டும் வருவதால் வரும் சிக்கல். 5 லிட்டர் குக்கருக்கு 6 அங்குல டின் போதும். சுற்றிலும் ஒரு விரல் இடைவெளி இருந்தால்தான் வெப்பக்காற்று மேலே ஏறும். அடியில் 1½ கப் உப்பைப் பரப்பி, அதன்மேல் ஸ்டாண்டு. கேஸ்கட்டும் வெயிட்டும் கட்டாயம் கழற்றியிருக்க வேண்டும், தண்ணீர் கூடாது. மிதமான தீயில் 10 நிமிடம் காயவைத்து, டின்னை இறக்கி, தீயைச் சிம்முக்குக் கொண்டுவாருங்கள். 45 நிமிடம் ஆகும். டின்னின் அடியில் பட்டர் பேப்பர் இரண்டு மடிப்பு போடுங்கள். மாவு பாதி டின்னுக்கு மேல் போகக் கூடாது. மேலே சிவக்காது, அதற்காகத் தீயைக் கூட்டாதீர்கள். குச்சி குத்தி ஒட்டாமல் வந்தால் கேக் தயார். தினமும் சமைக்கிற நல்ல குக்கரை இதற்குக் காயவிட வேண்டாம். கனமான பழைய பாத்திரமும் பொருத்தமான மூடியும் இருந்தாலே போதும்.

முறுக்கு முதல் ஈடு வெள்ளையாக நமுத்துப்போகிறது, கடைசி ஈடு சிவந்துவிடுகிறது. – திருச்சி வாசகி

முதல் ஈட்டுக்கு எண்ணெய் காயவில்லை. துளி மாவைக் கிள்ளிப் போட்டால் அடியில் போய் உடனே மேலே வர வேண்டும். கடைசி ஈட்டுக்குக் காரணம், பிசைந்த மாவு நேரமாகக் கிடந்தது. 4 கப் அரிசி மாவு, 1 கப் வறுத்து அரைத்த உளுத்தம் மாவு, 3 மேசைக்கரண்டி வெண்ணெய், உப்பு எல்லாவற்றையும் தண்ணீர் விடாமல் கலந்து வைத்து, இரண்டு ஈட்டுக்கு வேண்டியதை மட்டும் அவ்வப்போது பிசையுங்கள். பிழியும்போது அறுந்தால் தண்ணீர் போதவில்லை. எண்ணெயில் கரைந்தால் வெண்ணெய் கூடிவிட்டது. எடுக்கும் நேரத்தை நிறத்தை வைத்து முடிவு செய்யாமல் காதால் கேளுங்கள். சலசலப்பு அடங்கினால்தான் ஈரம் போயிற்று என்று அர்த்தம். அதற்கு முன் எடுத்த முறுக்கு மறுநாளே நமுத்துவிடும்.

நானகத்தாய் தட்டில் பரவி ஒன்றாக ஒட்டிக்கொண்டது. – சென்னை வாசகி

வெயில் காலத்தில் நெய் உருகித்தான் இருக்கும். உறைந்த நெய்யே வேண்டும். மைதா 1 கப், கடலை மாவு 2 மேசைக்கரண்டி, பொடித்த சர்க்கரை ½ கப், நெய் ½ கப். உருட்டிய பிறகு தட்டோடு ஃபிரிட்ஜில் 30 நிமிடம் வைத்து, 170 டிகிரியில் 15 முதல் 18 நிமிடம். எடுக்கும்போது மெத்தென்றுதான் இருக்கும், ஆறினால் மொறுமொறுப்பாகும்.

கேழ்வரகு மாவும் மைதாவும் சரிபாதி போட்டுச் செய்த பன் கல் மாதிரி ஆனது. – தருமபுரி வாசகர்

கேழ்வரகில் பசைத்தன்மை தரும் குளூட்டன் கிடையாது. ஈஸ்ட் ஊதும் காற்றைப் பிடித்துவைக்க அதனால் முடியாது. 200 கிராம் மைதாவுக்கு 50 கிராமோடு நிறுத்துங்கள். இன்ஸ்டன்ட் ஈஸ்ட் 1 தேக்கரண்டி, தண்ணீர் சுமார் 160 மி.லி. விரல் விட்டால் வெதுவெதுப்பு தெரிகிற சூடு போதும், கொதிநீர் ஈஸ்ட்டைக் கொன்றுவிடும். 10 நிமிடம் அழுத்திப் பிசையுங்கள்.

அதிரசம் எண்ணெயில் போட்டதும் பிரிந்துபோகிறது. – காரைக்குடி வாசகி

பாகு பதம் வரும் முன்பே மாவைப் போட்டிருக்கிறீர்கள். ½ கிலோ பச்சரிசிக்கு 400 கிராம் வெல்லம். பாகைத் தண்ணீரில் விட்டால் கரையாமல் நின்று, விரலால் திரட்டினால் மெத்தென்று உருள வேண்டும். தக்காளிப் பதம் என்பது இதைத்தான். அரிசியை ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, கையில் பிடித்தால் பிடிபடுகிற ஈரமாவாக இடியுங்கள். கடையில் விற்கும் காய்ந்த மாவு இதற்கு ஒத்துவராது. பிரியும் மாவில் 2 கரண்டி ஈரமாவு சேர்த்துப் பிசைந்து, ஒருநாள் மூடிவைத்துவிட்டு, மறுநாள் ஒன்றைத் தட்டிப் போட்டுப் பாருங்கள்.