ஓசூர் போல்ட்டும் ஐரோப்பாவின் கார்பன் கணக்கும் – கடிதம்

வணக்கம் சார்,

ஓசூர் சிட்கோ பக்கம் சின்னப் பட்டறை வைத்திருக்கிறோம். 8.8, 10.9 தர போல்ட் அடித்து வருடத்துக்கு 40 டன் போல ஜெர்மனிக்குப் போகிறது. வாங்குகிறவர் ஒரு எக்செல் தாளை அனுப்பி, டன்னுக்கு எவ்வளவு கார்பன் என்று நிரப்பித் தரச் சொல்கிறார். தராவிட்டால் விலையில் பிடிப்பாராம். 50 டன்னுக்குக் கீழே விலக்கு உண்டு என்கிறார்களே, அப்புறம் எனக்கு எதற்கு இது? ஆலோசகர் ஒருவர் கூரையில் சோலார் போடுங்கள், மீதிக்குக் கார்பன் கிரெடிட் வாங்கினால் சரியாகிவிடும் என்கிறார். இருநூறு வருஷம் கரி எரித்தவர்கள் அவர்கள். பாரிஸ் ஒப்பந்தத்தில் இதற்கெல்லாம் இடம் இருக்கிறதா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

சோலாரிலிருந்தே தொடங்குகிறேன், உங்கள் பணம் போகப்போகிற இடம் அதுதான். போடுங்கள், கரண்ட் பில் குறையும். ஆனால் உங்கள் தாளுக்குப் பின்னால் இருக்கும் வரியில் ஒரு யூரோகூடக் குறையாது. சீபாம் என்கிற ஐரோப்பிய எல்லைக் கார்பன் வரி, இரும்புக்கும் எஃகுக்கும் நேரடி உமிழ்வை, அதாவது உற்பத்தியின்போது ஆலையிலேயே வெளியாகும் கார்பனை மட்டுமே எடுத்துக்கொள்கிறது. மின்சாரத்தின் கார்பன் சிமெண்டுக்கும் உரத்துக்கும்தான் சேரும். கிரெடிட்டும் அப்படியே. சந்தையில் வாங்கிய கிரெடிட்டையோ (வேறிடத்தில் குறைத்த உமிழ்வுக்கான சான்று) தேன்கனிக்கோட்டையில் நட்ட புங்கங்கன்றையோ இதில் கழிக்க இடமில்லை. நம் ஊரில் அரசுக்குக் கார்பன் விலையாக உண்மையில் கட்டிய தொகை இருந்தால் அதை மட்டும் கழிக்கலாம்.

50 டன் விலக்கு உங்களுக்கானது அல்ல, இறக்குமதியாளருக்கானது. உங்களிடம் 40 டன், சீனாவில் 200 டன், துருக்கியில் 100 டன் என்று அவர் வாங்கினால், ஒரு காலண்டர் ஆண்டில் அவருடைய மொத்தம் 340. எல்லை தாண்டிவிட்டார், உங்கள் 40 டன்னும் அதில் அடக்கம். வரியைக் கட்டுகிறவரும் அவர்தான். 2026 சரக்கின் கார்பனுக்கான சான்றிதழை (வரி கட்டுவது இதை வாங்கித்தான்) 2027 பிப்ரவரியிலிருந்து வாங்கி, 2027 செப்டம்பர் 30க்குள் கணக்கை ஒப்படைக்க வேண்டும். அதனால்தான் இப்போதே உங்களிடம் தாள் வருகிறது.

தாளில் முக்கியமான எண் உங்கள் பட்டறையில் இல்லை, நீங்கள் வாங்கும் கம்பியில் இருக்கிறது. போல்ட்டைக் கடினமாக்கும் ஹார்டனிங் ஃபர்னஸில் டன்னுக்கு 40 கிலோ எல்பிஜி எரிகிறது என்று வைத்தாலும், கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ வீதம் 0.12 டன் கார்பன் டைஆக்சைடுதான். இந்தியாவில் ஒரு டன் எஃகுக்குச் சராசரி உமிழ்வு சுமார் 2.5 டன். கோக் போட்டு உருக்கும் பெரிய ஆலையா, ஸ்கிராப்பை மின்சாரத்தில் உருக்கும் ஆலையா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஸ்கிராப்புக்கு உமிழ்வு பூஜ்யம், மின்சாரம் கணக்கில் இல்லை. ஆகவே ஸ்கிராப் எஃகின் எண் அரை டன்னுக்குக் கீழேயே நிற்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. இண்டக்‌ஷன் ஃபர்னஸ் (மின் உலை) என்றாலே ஸ்கிராப் என்று நினைத்துவிடக் கூடாது. நம் நாட்டில் பல ஆலைகள் அதில் நிலக்கரியில் செய்த ஸ்பான்ஜ் அயர்னை (தாதுவை உருக்காமலே எடுத்த இரும்பு) கலக்கின்றன. விகிதத்தைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, ஸ்கிராப்பில் செம்பும் வெள்ளீயமும் ஒட்டிக்கொண்டு வரும், கோல்டு ஹெடிங்கில் (சூடாக்காமல் போல்ட் தலையை அடிக்கும்போது) தலை வெடிக்கும். 10.9 தரத்துக்கு மலிவு ஸ்கிராப் கம்பியை வாங்கிவிட்டு ரிஜெக்‌ஷனை எண்ணிக்கொண்டிருப்பதில் அர்த்தமில்லை.

கணக்கு இப்படி. ஒரு டன் போல்ட்டுக்கு 1.1 டன் கம்பி போகிறது, கம்பியின் உமிழ்வு டன்னுக்கு 2.4 டன் என்றால், 2.64 டன். ஃபர்னஸின் 0.12ஐ இதில் சேர்க்கவில்லை. வெட்டுத்துண்டாகப் போன 100 கிலோவின் கார்பனும் போல்ட் தலையில்தான் விழும். அதே தொழிலில் ஐரோப்பா தன் ஆலைகளைக் கட்டணமில்லாமல் வெளியிட விடும் கார்பன் அளவை, அதாவது இலவச அளவை, இதிலிருந்து கழிப்பார்கள். கணக்குக்காக அதை 1.4 என்று வைக்கிறேன். 2026இல் அதில் 97.5 சதவீதம், அதாவது 1.365 கழியும். மீதி 1.275. டன் கார்பன் 75 யூரோ என்றால் ஒரு டன் போல்ட்டுக்கு 96 யூரோ. “முதல் வருஷம் வெறும் 2.5 சதவீதம்தான்” என்று சொல்கிறவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை. 2.5 சதவீதம் குறைவது இலவச அளவில். அந்த அளவுக்கு மேலே நிற்கும் கார்பனுக்கு முதல் நாளிலிருந்தே முழு விலை. இலவசம் 2030இல் 51.5 சதவீதமாகி, 2034இல் தீர்ந்துவிடும். ஸ்கிராப் வழிக்குக் கழிக்கும் அளவும் சிறியது, ஆனால் மொத்தமே சின்ன எண் என்பதால் அடி பலமாக விழாது.

எண் தராவிட்டால் அவர்களாக ஒரு இயல்பு மதிப்பைப் போடுவார்கள், அதன்மேல் 2026இல் 10 சதவீதம், 2027இல் 20, பிறகு 30 ஏற்றுவார்கள். உண்மை எண் தருவதானால் அங்கீகாரம் பெற்ற சரிபார்ப்பாளர் கையெழுத்து வேண்டும். மேலே போட்ட கணக்கில் உங்கள் 40 டன்னுக்கு மொத்த வரியே சுமார் 3,800 யூரோ. சரிபார்ப்புக் கட்டணம் அதில் எவ்வளவைத் தின்னும் என்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள். ஆலை தன் பங்கை ஏற்கெனவே சரிபார்த்து வைத்திருந்தால் உங்கள் வேலை பாதியாகும். வழக்கமாகக் கணக்கு உடைவது ஸ்டாக்கிஸ்டிடம்தான். மூன்று ஆலைகளின் கம்பிச் சுருள் ஒரே லாரியில் வரும், மில் சர்டிபிகேட் ஜெராக்ஸில் ஹீட் நம்பர் (எந்த உருக்கில் வந்த எஃகு என்பதன் எண்) மங்கியிருக்கும். அடுத்த பர்சேஸ் ஆர்டரிலேயே, ஹீட் நம்பரோடு உற்பத்தி முறையும் டன் உமிழ்வும் தர வேண்டும் என்று ஒரு வரி சேருங்கள்.

உங்கள் கோபம் நியாயமானது. 1997 கியோட்டோ காலநிலை ஒப்பந்தத்தில் கடமை பணக்கார நாடுகளுக்கு மட்டும்தான், நம் போன்றவர்களிடம் அவர்கள் கிரெடிட் வாங்கினார்கள். 2015 பாரிஸில் எல்லா நாடும் தன் இலக்கைத் தானே எழுதியது. ஆனால் எல்லையில் இன்னொரு நாடு போடும் வரியைத் தடுக்கும் ஷரத்து அதில் இல்லை. 1992 ஐநா காலநிலை உடன்படிக்கையின் 3.5 பிரிவு, காலநிலை நடவடிக்கை மறைமுக வணிகத் தடையாகக் கூடாது என்கிறது. இந்தியா பிடித்து நிற்கும் இடம் இதுதான். உலக வணிக அமைப்புக்கு வழக்கு போனாலும், அதன் மேல்முறையீட்டு மன்றம் 2019 டிசம்பரிலிருந்து செயல்படவில்லை. தீர்ப்பை நம்பி ஆர்டர் எடுக்க முடியாது.

கடைசியாக, ஷிப்பிங் பில்லில் உள்ள சுங்கக் குறியீட்டைப் பாருங்கள். போல்ட், நட், ஸ்க்ரூ எல்லாம் 7318. அது சீபாம் பட்டியலில் இருக்கிறது. வாகன உதிரியான 8708 இப்போதைக்கு இல்லை. கார் கம்பெனிக்கே போனாலும் போல்ட் 7318தான். 8708 என்று மாற்றிப் போடுங்கள் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், ஹாம்பர்க் சுங்கத்தில் சரக்கு நின்றால் வாடகை உங்கள் தலையில்.