வெளி மெஷின்ல புகை வருது, ஆஃப் பண்ணிடலாமா? குளிர்கால ஹீட் பம்ப் கேள்வி பதில்

கேள்வி: போன மாசம்தான் வீட்டுக்கு ஹீட் பம்ப் பூட்டினனாங்கள். நேற்று விடிய யன்னலால பாத்தா வெளியில நிக்கிற மெஷினில இருந்து புகை மாதிரி குபுகுபு எண்டு எழும்புது, ஃபேன் நிண்டிட்டுது, உஷ் எண்டு பெரிய சத்தம் வேற. பயத்தில மெயின் சுவிட்ச்ச நிப்பாட்டிப்போட்டன். பிழையோ?
வாசகி, ஏஜாக்ஸ், ஒன்டாரியோ

பதில்: அக்கா, மொதல்ல அந்த மெயின் ஸ்விட்சைப் போட்டுடுங்க. ரொம்ப நேரம் ஆஃப்ல இருந்திருந்தா, கம்ப்ரஸர் அடியில எண்ணெயைச் சூடா வெச்சிருக்குற சின்ன ஹீட்டரும் சேந்து ஆறியிருக்கும், அதனால மெயினைப் போட்ட உடனே ஹீட்டிங்கை ஓட்டாம எவ்வளவு நேரம் விடணும்னு மேனுவல்ல பாத்துட்டு ஸ்டார்ட் பண்ணுங்க. நீங்க பாத்தது புகை இல்ல, நீராவி. கருகுன வாசனை வந்தா மட்டும் நீங்க செஞ்ச மாதிரி ஆஃப் பண்றது சரி.

நடக்குறது என்னன்னா, ஹீட் பம்ப் வெளிக்காத்துல இருக்குற வெப்பத்தை எடுத்துத்தான் வீட்டைச் சூடாக்குது, அந்த வெப்பத்தை உறிஞ்சணும்னா வெளி மெஷினோட காயில், அதாவது மெல்லிசான தகடுகளுக்கு நடுவுல ஓடுற குழாய்கள், அந்தக் காத்தை விட இன்னும் குளிரா இருந்தாகணும், வெளியில 2 டிகிரின்னா காயில் பூஜ்யத்துக்குக் கீழ போயிருக்கும், அப்போ காத்துல இருக்குற ஈரம் காயில் மேல தண்ணியா நிக்காம வெள்ளையா உறைஞ்சு படியும். படியப் படியத் தகடுகளுக்கு நடுவுல காத்து போற வழி அடைபடும், வழி அடைபட்டா கிடைக்குற வெப்பம் குறையும், வெப்பம் குறைஞ்சா காயில் இன்னும் குளிரும், இன்னும் வேகமா உறையும், இதை அப்படியே விட்டா மெஷின் திணறிடும். அதனால ஐஸை உருக்க மெஷினே கொஞ்ச நேரம் தன்னைத் திருப்பிக்குது, இதுக்குப் பேர்தான் டிஃப்ராஸ்ட். உள்ள ரிவர்சிங் வால்வுன்னு ஒண்ணு இருக்கு, அது திரும்பினா வெயில் காலத்துல ஏசி ஓடுற மாதிரி ஓட்டம் மாறி, குழாய்க்குள்ள வெப்பத்தைச் சுமக்குற கேஸ் சூடா வெளி காயிலுக்குப் போகும். நீங்க கேட்ட உஷ் சத்தம் அந்த வால்வு திரும்பி ப்ரஷர் மாறுற சத்தம். அந்தச் சூடு வெளிக்காத்துல வீணாப் போகக் கூடாதுன்னுதான் ஃபேன் நிக்குது, ஐஸ் உருகி ஆவியாகி எழும்புது, பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்குள்ள எல்லாம் முடிஞ்சு மறுபடி ஒரு உஷ், ஃபேன் சுத்த ஆரம்பிக்கும்போது கடைசியா ஒரு பெரிய ஆவி மேகம் வரும். அதைப் பாத்து பக்கத்து வீட்டுக்காரங்க ஃபயர் சர்வீஸைக் கூப்பிடாம இருக்க முன்னாடியே அவங்ககிட்டயும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்க.

இந்த நேரத்துல வீட்டுக்குள்ள கொஞ்சம் குளிர் காத்து வரலாம், ஏன்னா ஐஸை உருக்குற வெப்பத்துல ஒரு பங்கு உங்க வீட்டுல இருந்துதான் போகுது. டக்ட் வெச்ச சிஸ்டம்னா ஆக்ஸிலரி ஹீட்னு சொல்ற துணை ஹீட்டரோ ஃபர்னஸோ தானா வந்து ஈடு கட்டும், சுவத்துல மாட்டுற மினி ஸ்ப்ளிட்னா உள் ஃபேன் நின்னு லைட் மட்டும் மினுக்கும். ரெண்டுமே நார்மல்தான்.

பாதியில ஆஃப் பண்ணாதீங்கன்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. முதல்ல படியுறது பஞ்சு மாதிரி இருக்குற உறைபனி, அது சுலபமா உருகிடும். பாதி உருகி நின்ன தண்ணி மறுபடி உறைஞ்சா தகடுகளுக்கு நடுவுலயும் அடித்தட்டுலயும் கெட்டி ஐஸா மாறும், அடுத்த டிஃப்ராஸ்ட்ல அது முழுசா போகாது, அதுக்கு மேல இன்னும் சேரும்.

கேள்வி: நாங்கள் நோர்வேயில பேர்கனில இருக்கிறம். இங்க பெரிய குளிர் இல்ல, 0, 2, 3 எண்டுதான் நிக்கும், ஆனா ஒரே மழை. எங்கட மெஷின் மணித்தியாலத்துக்கு ஒருக்கா டிஃப்ராஸ்ட் ஆகுது. ஒட்டாவாவில இருக்கிற மச்சான், -20இலயும் தன்ர மெஷின் இவ்வளவு செய்யாது எண்டுறார். எங்கடது பழுதோ?
வாசகர், பேர்கன்

பதில்: பழுதில்லங்க, உங்க ஊர்தான் காரணம். குளிர் கூடினா ஐஸ் கூடும்னு எல்லாரும் நினைக்குறாங்க, ஆனா ஐஸுக்கு வேண்டியது குளிர் மட்டும் இல்ல, ஈரமும் வேணும். 0 டிகிரியில ஒரு கன மீட்டர் காத்து அதிகபட்சம் 5 கிராமுக்குக் கொஞ்சம் கம்மியா ஈரம் தாங்கும், -20ல அது சுமார் 1 கிராம்தான். உங்க மச்சான் ஊர்ல காத்து காஞ்சு கிடக்கு, படியுறதுக்கு ஈரமே இல்ல. உங்க பேர்கன் ஐரோப்பாவுலயே அதிகமா மழை பெய்யுற ஊர்கள்ல ஒண்ணு, டெம்பரேச்சரும் சரியா பூஜ்யத்துக்குப் பக்கத்துலயே நிக்குது. -5ல இருந்து +5 வரைக்கும் ஈரமான காத்து, அதுதான் ஹீட் பம்புக்கு ரொம்பச் சிரமமான நேரம். மணிக்கு ரெண்டாயிரம் கன மீட்டர் காத்து காயில் வழியா போயி, ஒவ்வொண்ணுலயும் அரை கிராம் ஈரம் ஒட்டினாலே மணிக்கு ஒரு கிலோ ஐஸ் ஆச்சு பாருங்க.

கரண்ட் பத்திப் பயம் வேணாம். ஒரு கிலோ ஐஸை உருக்க வேண்டிய வெப்பம் 0.1 யூனிட்டுக்கும் கம்மி. காயிலும் அடித்தட்டும் சூடாகணும், வீட்டுல இருந்து எடுத்த வெப்பத்தைத் திரும்பக் கொடுக்கணும்னு கூடுதல் செலவு இருக்கத்தான் செய்யும், ஆனா டிஃப்ராஸ்ட் பண்ணாம ஐஸோட ஓட்டுறதுதான் பெரிய நஷ்டம்.

உங்க மெஷின் நேரத்தை வெச்சு டிஃப்ராஸ்ட் பண்ணுதா, ஐஸைக் கணிச்சுப் பண்ணுதான்னு மட்டும் இன்ஸ்டாலர்கிட்ட கேளுங்க. சில மெஷின்ல 30, 60, 90 நிமிஷம்னு போர்டுல செட்டிங் இருக்கும், காயில் குளிரா இருந்தா அந்த நேரத்துக்கு ஒருக்கா ஐஸ் இருக்கோ இல்லையோ ஓடிடும். காயில் சூட்டையும் வெளிக்காத்துச் சூட்டையும் ஒப்பிட்டு தேவைப்பட்டா மட்டும் ஓடுறது இன்னொரு வகை, வாங்கும்போது இதைக் கேட்டு வாங்குங்க.

நீங்க கேக்காத ஒண்ணையும் சொல்றேன், உருகின தண்ணி எங்க போகுதுன்னு பாருங்க. ஒரு நாளைக்கு எத்தனையோ லிட்டர் வரும், அது மெஷினுக்கு அடியிலயே உறைஞ்சு மேல ஏறினா காயிலையும் ஃபேனையும் தொட்டுடும். தரையில இருந்து உயரமா ஸ்டாண்டுலயோ சுவர் பிராக்கெட்லயோ இருக்கணும், அடித்தட்டுல ஹீட்டரோ வடிகால்ல ஹீட்டிங் கேபிளோ இருந்தா நல்லது. அந்தத் தண்ணி நடைபாதைப் பக்கம் போகவே கூடாது, அப்பா அம்மா வயசானவங்க இருக்குற வீடு, ஒரு தடவை வழுக்கினா போதும்.

கேள்வி: ரெண்டு நாளா வெளி மெஷின் முழுக்க ஐஸ் பிளாக் மாதிரி ஆயிடுச்சு, ஃபேன் ஐஸ்ல இடிச்சு கடகடன்னு சத்தம். வந்த டெக்னீஷியன் அஞ்சு நிமிஷம் பாத்துட்டு புது மெஷின்தான் போடணும்னுட்டார். மூணு வருஷம்கூட ஆகல. சுத்தியலால தட்டி எடுத்துட்டு ஓட்டிப் பாக்கலாமா சார்?
வாசகர், பிராம்ப்டன்

பதில்: தம்பி, சுத்தியல் வேணாம், கத்தி ஸ்க்ரூ டிரைவர் எதுவும் வேணாம். அந்தத் தகடுகள் மெல்லிசான அலுமினியம், அதுக்கு நடுவுல ஓடுற குழாய்ல ஒரு ஓட்டை விழுந்தா கேஸ் எல்லாம் போயி அவர் சொன்ன புது மெஷின் நிஜமாவே தேவைப்பட்டுடும். கொதிக்குற தண்ணியும் ஊத்தாதீங்க. சிஸ்டத்தை ஆஃப் பண்ணிட்டு, வெளியில ரொம்பக் குளிர் இல்லாத பகல் நேரமா பாத்து, வெதுவெதுப்பான தண்ணியை மெதுவா ஊத்தி உருக்குங்க, தண்ணி வடிஞ்சு போக வழி இருக்கான்னும் பாத்துக்கோங்க.

டிஃப்ராஸ்ட் முடிஞ்சதும் காயில் சுத்தமா தெரியணும், அதுதான் நீங்களே பாக்கக்கூடிய சோதனை. வெள்ளையா லேசா படிஞ்சு மறையுறது நார்மல், மணிக்கணக்கா மறையவே இல்லன்னா ஏதோ கோளாறு. ஆனா அந்தக் கோளாறு மெஷினையே மாத்துற அளவுக்கு இருக்கணும்னு இல்ல. காயில் சூட்டை அளக்குற சின்ன சென்சார் செத்திருக்கலாம், அது ரொம்ப மலிவான சாமான். டிஃப்ராஸ்ட் போர்டு போயிருக்கலாம், ரிவர்சிங் வால்வு சிக்கியிருக்கலாம், வெளி ஃபேன் மோட்டார் மெதுவா சுத்தலாம், வடிகால் அடைச்சிருக்கலாம். காயில்ல ஒரு பக்கம் மட்டும் ஐஸ், மத்த இடம் காஞ்சு கிடக்குன்னா கேஸ் குறைஞ்சிருக்கான்னு சந்தேகப்படணும். கேஸ் குறைஞ்சிருந்தா லீக் எங்கன்னு தேடாம வெறுமனே நிரப்பிட்டுப் போறவரை விடாதீங்க. உள்ள ஃபில்டர் அழுக்கா இருந்தாலும் பாதிக்கும், அதை நீங்களே இன்னிக்கே பாத்துடலாம்.

இதெல்லாம் அளந்து பாக்க அஞ்சு நிமிஷம் பத்தாது. சென்சார் ரெசிஸ்டன்ஸ் எவ்வளவு காட்டுச்சு, டிஃப்ராஸ்ட்டைக் கையால ஓட விட்டப்ப வால்வு திரும்புச்சான்னு கேளுங்க, பதில் சொல்ல முடியலன்னா வேற ஆளைக் கூப்பிடுங்க. மூணு வருஷத்து மெஷினுக்கு பெரும்பாலும் வாரண்டியும் இருக்கும், பில்லைத் தேடி எடுங்க.

கேள்வி: பனி விழாம இருக்க மெஷினை தார்பாயால மூடி வைக்கலாமா?
வாசகி, மார்க்கம்

பதில்: கூடாதுங்க, அது காத்துலதான் உயிர் வாழுது. நாலு பக்கமும் பனியைத் தள்ளி வையுங்க, சுத்தி ரெண்டு அடியாவது காலியா இருக்கட்டும். கூரை ஓரத்துல இருந்து தண்ணி மெஷின் தலையில சொட்டுதான்னு கட்டாயம் பாருங்க, சொட்டுத் தண்ணி ஃபேன் இறக்கையில உறையுறதை எந்த டிஃப்ராஸ்ட்டாலயும் சமாளிக்க முடியாது. மேல காத்து தள்ளுற மாடலா இல்லாம பக்கவாட்டுல தள்ளுற மாடலா இருந்தா, மேனுவல்ல சொன்ன இடைவெளி விட்டு உயரத்துல ஒரு சின்னக் கூரை போடலாம். 2013 டிசம்பர்ல டொராண்டோவுல வந்த மாதிரி ஐஸ் ஸ்டார்ம் வந்து மெஷினே கண்ணாடி பூசின மாதிரி ஆயிட்டா, ஃபேன் சுத்த முடியலன்னா உடனே ஆஃப் பண்ணிட்டு பேக்கப் ஹீட்டுக்கு மாறுங்க.

கேள்வி: டிஃப்ராஸ்ட் தொல்லையே வேணாம்னு தெர்மோஸ்டாட்ல எமர்ஜென்சி ஹீட் போட்டு வெச்சிருக்கோம். ராத்திரி அஞ்சு டிகிரி குறைச்சும் வெக்குறோம், ஆனாலும் பில் ஏறுது. ஏன்?
வாசகர், மிசிசாகா

பதில்: எமர்ஜென்சி ஹீட்னா ஹீட் பம்பே ஓடாது, உங்க வீட்டுல எலக்ட்ரிக் ஹீட்டர்னா ஒரு யூனிட் கரண்டுக்கு ஒரு யூனிட் வெப்பம்தான். ஹீட் பம்ப் -15 வாக்குலகூட நல்ல மாடலா இருந்தா டிஃப்ராஸ்ட் போக சுமார் ரெண்டு யூனிட் தரும். மெஷின் ரிப்பேர்ல இருக்கும்போது மட்டும் தொட வேண்டிய பட்டன் அது, இன்னிக்கே மாத்திடுங்க.

ராத்திரி அஞ்சு டிகிரி குறைக்குறது ஃபர்னஸ் காலத்துப் பழக்கம். காலையில அதை ஒரேயடியா ஏத்தும்போது ஹீட் பம்பால உடனே முடியாது, ஆக்ஸிலரி ஹீட் வந்து ராத்திரி மிச்சம் பண்ணினதைக் காலையில தின்னுடும். ஒண்ணு ரெண்டு டிகிரி குறைச்சா போதும். வெளியில எவ்வளவுக்குக் கீழ போனா மட்டும் ஆக்ஸிலரி ஹீட் வரணும்னு பல தெர்மோஸ்டாட்ல செட்டிங் இருக்கு, இன்ஸ்டாலர்கிட்ட கேட்டு வெச்சுக்கோங்க. டிஃப்ராஸ்ட் நேரத்துல அது வர்றதை மட்டும் வெட்டச் சொல்லாதீங்க, வெட்டினா அந்தச் சில நிமிஷமும் ஜனவரி மாசத்துல வீட்டுக்குள்ள ஏசி காத்துதான்.