மனைவியின் சம்பளமும் உங்கள் திவால் மனுவும்

நியூ ஜெர்சி வாசகர் ஒருவர் எழுதுகிறார்: மார்ச் மாதம் வேலை போய்விட்டது, நண்பரின் தொழிலுக்காகக் கிரெடிட் கார்டுகளில் எடுத்துக் கொடுத்த 62,000 டாலர் திரும்பவில்லை, மனைவியோடு பேச்சுவார்த்தை இல்லாததால், அவருடைய சம்பளத்தைக் காட்டாமல் தாம் மட்டும் சாப்டர் 7 மனு, அதாவது கடன்களைத் தள்ளுபடி செய்யக் கோரும் திவால் மனு, கொடுக்கலாமா?

நண்பரின் துரோகத்தைப் பற்றி நான்கு பக்கம் எழுதியிருக்கிறீர்கள்; திவால் நீதிமன்றத்துக்கு அது தேவையில்லை. நீங்களும் மனைவியும் ஒரே வீட்டில் வசிக்கிறீர்களா என்பதே கேள்வி. வசித்தால், கடன் முழுவதும் உங்கள் பெயரில் இருந்தாலும், அவர் மனுவில் சேராவிட்டாலும், வரிப் பிடித்தத்துக்கு முந்தைய அவருடைய சம்பளம், சாப்டர் 7-க்குத் தகுதி உண்டா என்று வருமானத்தை வைத்துப் பார்க்கும் மீன்ஸ் டெஸ்ட் கணக்கில் ஏறும். மனு மாதத்துக்கு முந்தைய ஆறு முழு மாதங்களே கணக்கு என்பதால், அக்டோபரில் கொடுத்தால் மார்ச்சில் வந்த உங்கள் கடைசிச் சம்பளம் விலகிவிடும், அவருடையது விலகாது. தம் கல்விக் கடனுக்கும் ஊரிலுள்ள பெற்றோருக்கும் அவர் தரும் பணத்தை ஆதாரம் காட்டிக் கழிக்கலாம், ஆனால் அந்த ஆதாரம் அவரிடம்தான் இருக்கிறது.

என்னைக் கலங்கவைப்பது, "இரண்டு மாதம் நண்பர் வீட்டு பேஸ்மென்டில் தங்கிவிடுகிறேன்" என்ற உங்கள் கடைசி வரி. மீன்ஸ் டெஸ்டைத் தவிர்ப்பதற்காகப் பிரிந்து வாழவில்லை என்று அந்த டெஸ்டுக்கான படிவத்திலேயே உறுதியளித்துக் கையெழுத்திட வேண்டும். இப்படிச் செய்த ஒரு கட்சிக்காரரை நான் பார்த்திருக்கிறேன். கடன் கொடுத்தவர்களுக்கான கூட்டத்தில், திவால் வழக்கைக் கவனிக்கும் டிரஸ்டி கூட்டுக் கணக்கு ஸ்டேட்மென்டைப் புரட்டி, இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை மனைவியின் சம்பளம் விழுவதையும், அதிலிருந்தே வீட்டுத் தவணையும் இவருடைய போன் பில்லும் போவதையும் விரலால் தொட்டுக் காட்டினார். சத்தியம் செய்து அமர்ந்திருந்தவரால் பதில் சொல்ல முடியவில்லை. திவால் வழக்கில் தெரிந்தே பொய்யுறுதி தருவது ஐந்தாண்டு வரை சிறைத் தண்டனைக்குரிய குற்றம். கிரீன் கார்டில் இருப்பவருக்கு அதற்கு மேலும் இழப்பு உண்டு.

ஆகவே வெளிப்படையாகச் சொல்கிறேன், மனைவியிடம் கணக்கைத் திறந்து காட்டுங்கள். கூட்டு வருமானம் மாநில இடைநிலை வருமானத்தைத் தாண்டி, அனுமதிக்கப்பட்ட செலவுகளைக் கழித்த பிறகும் மிஞ்சினால், சாப்டர் 7 கிடைப்பது அரிது. வருமானத்திலிருந்து தவணையாகக் கடனை அடைக்கும் சாப்டர் 13-இல் பெரும்பாலும் ஐந்தாண்டுத் திட்டம் போட வேண்டிவரும். உங்கள் நிலையில் இருப்பவரைக் கார்டு நிறுவனங்களோடு சமரசம் பேசவே சொல்வேன். தள்ளுபடியான தொகை வருமான வரிக்கு வரலாம் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். சமரசம் எழுத்தில் கைக்கு வரும்வரை ஒரு டாலரும் அனுப்பாதீர்கள்.